கிராணி வீட்டு நாய் மட்டும் கேட்ட விளம்பரம்

ஒரு தவறான நம்பிக்கையை முதலில் திருத்திவிட வேண்டும். திருத்தாமல் விட்டால் வருங்காலத் தலைமுறை என்னை மன்னிக்காது. கடை வைத்திருப்பவர்கள் இன்று நாலு பேர் கூடினால் ஒரே புலம்பல்தான்: "கம்ப்யூட்டர்ல தேடினா என் கடைதான் முதல்ல வந்துச்சு. இப்ப மூணாவது பக்கத்துக்குப் போயிருச்சு. நான் ஒண்ணுமே மாத்தல." இந்த வியாதி இணையத்தோடு பிறந்தது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். தவறு. முழுத் தவறு. இந்த வியாதியின் முதல் நோயாளியை எனக்கு நேரில் தெரியும். எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் கோலசிலாங்கூரில் துணிக்கடை வைத்திருந்தார். பெயர் சுப்பையா.

ஒருவருடைய பெருமையை அவரே சொன்னால் நன்றாக இருக்காது என்பதால் சம்பளத்துக்கு இன்னொருவனை வைத்துச் சொல்லச் சொல்வதற்குத்தான் விளம்பரத் தொழில் என்று பெயர். அந்த இன்னொருவன் நான். ஒரு பழைய கார், அதன் கூரையில் இரண்டு புனல் ஒலிபெருக்கிகள், உள்ளே ஒரு மைக். சாயங்காலங்களில் தோட்டம் தோட்டமாகப் போய் எட்டுக் கடைகளின் புகழை வரிசையாகப் பாடுவேன். வரிசை ஓர் அட்டையில் எழுதிக் காருக்குள் தொங்கும். முதல் பெயர் சுப்பையா. எட்டாவது பெயர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்த பாக்கியம் அக்கா. பிறர் புகழைத் தொண்டை வறளப் பாடி வயிறு வளர்த்த அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், மேற்கொண்டு நான் விளக்கத் தேவையில்லை.

கார் ஓடியது சுப்பையாவின் தயவில். காரின் சொந்தக்காரர் தங்கவேலு அண்ணன் அதை எங்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவார். எங்களுக்கு என்றால் எனக்கும் டிரைவர் பாக் மாட்டுக்கும். பாக் மாட் சுங்கை செம்பிலாங் மலாய் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. படகில் கால் வைத்தால் வாந்தி வரும். அதனாலேயே கார் ஓட்ட வந்தவர். தோட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி என்னைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார். அந்த வருஷம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தங்கவேலு அண்ணன் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்:

"தீவாளிக்கு சுப்பையா கடைல கூட்டம் இல்லேன்னா அவர் விலகிருவேன்னுட்டாரு. அவர் விலகினா நான் காடிய வித்துருவேன். நீ பழையபடி செம்பனைக் காட்டுக்குப் போயி குலை தூக்கு. இவரு கடலுக்குப் போவட்டும்."

அருந்தமிழ்

நான் கொஞ்சம் படித்தவன். கொஞ்சம்தான் என்றாலும் அது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிற வயது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுப்பையா கடைக்கு நானே ஓர் உரை எழுதினேன். "நற்றமிழ்ப் பெருமக்களே! மாந்தர்தம் மேனிக்கு மாண்பு சேர்க்கும் நுண்ணிழை ஆடைகள்..." என்று தொடங்கும். கேட்பவர்களுக்குப் பொருள் புரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துப் படித்தேன்.

ஆத்தோரத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல்களில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தமிழுக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குக் கண் கலங்கியது. ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அஞ்சலை என்ற அம்மாள், அந்தத் தோட்டத்தில் அவர் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது, மூக்கைச் சிந்திக்கொண்டே காரிடம் வந்தார். "யாரு தம்பி செத்தது? எந்தத் தோட்டம்?" என்றார். அப்போதெல்லாம் காரில் மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தால் அது சாவுச் செய்தி என்பது எனக்குத் தெரியாது. யாரும் சாகவில்லை, துணிக்கடை விளம்பரம் என்றேன். அஞ்சலை மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"துணி விக்கிறதுக்கா இப்படி அழுவுற?"

கேள்வி நேரம்

மறுநாள் முதல், "சேலை வந்திருக்கு, கைலி வந்திருக்கு, சின்னப் பிள்ளைங்களுக்குக் கவுன் வந்திருக்கு" என்று மாற்றிக்கொண்டேன். தமிழுக்கு நேர்ந்த இழப்பை இன்றுவரை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. தோட்டத்து ஆட்களுக்கு விளம்பரத்தைச் சும்மா கேட்கத் தெரியாது. பதில் பேசுவார்கள். "கைலி வந்திருக்கு" என்றால் "கட்டம் போட்டதா, பூப் போட்டதா?" என்று வாசலிலிருந்து ஒருவர் கத்துவார். நான் மைக்கில் "ரெண்டும் இருக்குங்க" என்பேன். "சுருங்குமா?" "சுருங்காதுங்க." "போன தடவையும் இதத்தான் சொன்ன." இப்படியே போகும். ஒரு லயத்தைத் தாண்ட அரைமணி நேரம் ஆகும்.

பேச்சில் ஓர் ஒழுங்கு வேண்டாமா? சொற்பொழிவாளனைக் குறுக்கே மறித்துச் சுருங்குமா என்று கேட்பது எந்த நாட்டு அவை மரபு? தங்கவேலு அண்ணனிடம் முறைப்படி புகார் செய்தேன். எழுத்து மூலமாக, இரண்டு பக்கத்தில். அவர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார்.

"நீ பேச வேணாம்லா. உனக்குப் பதிலா பேசுறதுக்கு ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்."

கேசட்

வாங்கி வந்தது ஒரு கேசட் பெட்டி. விளம்பரத் துறையின் அண்மைக்கால வளர்ச்சி என்று தங்கவேலு அண்ணன் அதை எல்லாருக்கும் காட்டினார். இனி ஒருமுறை பேசிப் பதிவு செய்தால் போதும், காலத்துக்கும் ஒரே குரல், இடையில் கேள்வி கிடையாது. எட்டுக் கடைக்கும் பதிவு செய்ய நேரமில்லை. அதனால் அந்த மரியாதை முதல் இடத்துக்கு மட்டும், மற்ற ஏழுக்கும் பழையபடி நானே மைக்கில் என்று முடிவானது. எதிரொலி நன்றாக இருக்கும் என்று அண்ணன் வீட்டுக் குளியலறையில் வைத்துப் பதிந்தோம். இரண்டாவது நிமிடத்தில் அடுத்த வீட்டுச் சேவல் ஒன்று சுப்பையாவின் பெயருக்குப் பிறகு கூவும். அதை நீக்க எங்களுக்கு வழி தெரியவில்லை.

சுப்பையா அதைக் கடையில் வைத்து மூன்று தடவை போட்டுக் கேட்டார். சேவல் பரவாயில்லை என்றார். ஆனால் தன் பெயர் குறைவாக வருவதாகச் சொன்னார். பெயர் எத்தனை தடவை காதில் விழுகிறதோ அத்தனைக்கு மனதில் நிற்கும் என்பது அவர் கொள்கை. ஐந்து நிமிடக் கேசட்டில் "சுப்பையா ஸ்டோர்" என்று இருபது தடவை சொல்லி மறுபடியும் பதிந்தோம். சேவலும் மறுபடியும் கூவியது. முதல் நாள் ஓட்டத்தில் பாக் மாட் முழுவதும் கேட்டுவிட்டுக் காரை ஓரமாக நிறுத்தினார். என்ன என்றேன்.

"தம்பி, ஒரு தடவ சொன்னா கடை பேரு. இருவது தடவ சொன்னா காணாமப்போன ஆளு பேரு."

மழைக்கு ஒதுங்கியவர்

மூன்று வாரம் கழிந்தது. சுப்பையா எங்களைக் கடைக்கு வரச் சொன்னார். கடை வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் எப்படிக் கேள்விப்பட்டு வந்தீர்கள் என்று அவரே விசாரித்துக்கொண்டிருந்தார். "முன்ன எல்லாம் தோட்டத்துலேர்ந்து ஆளு எறங்குனா நேரா இங்கதான் வரும். இப்ப அந்தப் பக்கம் போவுது" என்று பஸ் நிலையத்துக்குப் பின்புறத்தைக் கையால் காட்டினார். அந்தப் பக்கம் பாக்கியம் அக்காவின் தையல் கடை. அக்கா கடையில் விற்பதற்கு ஒரு முழம் துணி கிடையாது. வருகிறவர்கள் வேறு எங்கோ துணி எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றார்கள்.

"நான் ஒண்ணும் மாத்தலியே. அதே கடை, அதே சேலை, அதே முதல் இடம். எட்டாவது இடத்துல இருக்கிற பொம்பளைக்கு எப்படிக் கூட்டம் வருது?" என்று சுப்பையா என்னைக் கேட்டார். அந்த நேரம் பார்த்து ஆத்தோரத் தோட்டத்துக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். சுப்பையா முகம் மலர்ந்து, எங்கள் முன்னாலேயே அவரிடம் கேட்டார், எப்படிக் கேள்விப்பட்டு வந்தீர்கள் என்று.

"பாக்கியம் கடைக்குத்தாங்க போறேன். மழ பேய்து, விட்டதும் போயிர்றேன்."

ஒரே நேயர்

அன்று முதல் நான் காருக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை அட்டையை மட்டுமே பார்த்தவன். ஆத்தோரத் தோட்டத்தின் நுழைவாயிலிலிருந்து லயம் வரை நீண்ட செம்மண் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. நடுவில் ஆபீஸ், அதையொட்டித் தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணியின் வீடு. நான் பேசிய காலத்தில் லயத்துக்கு வந்துதான் வாயைத் திறப்பேன்; கேசட் வந்ததும், முதல் இடம் என்றால் வாசலைத் தாண்டியதும் முதலில் என்று சுப்பையா கட்டளை போட்டார். ஆக, வாசலில் கேசட் தொடங்கும். பாக் மாட் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டுவார். லயத்தின் முதல் வீடு கண்ணில் படும்போது இருபதாவது "சுப்பையா ஸ்டோர்" முடிந்திருக்கும்.

இடையில் அதைக் கேட்பது கிராணி வீட்டு நாய் டைகர். கார் வந்ததும் ஓடிவந்து வேலிக்குள் உட்காரும். காதை நிமிர்த்திக்கொண்டு கடைசி வரை கேட்கும். சேவல் கூவும் இடத்தில் மட்டும் எழுந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி உட்காரும். இத்தனை பொறுப்பான நேயர் எனக்கு எந்தத் தோட்டத்திலும் வாய்த்ததில்லை. நான் இதைப் பாக் மாட்டிடம் காட்டினேன். அவர் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"முதல் இடம் வேணும், முதல் இடம் வேணும்னு அவருதான கேட்டாரு. அந்த இடத்துல குடியிருக்கிறது இது ஒண்ணுதான் லா."

மண்டோர் சட்டை

முதல் இடத்தை விட்டுக்கொடுங்கள், லயத்துக்குள் போனதும் போடுகிறோம் என்று சுப்பையாவிடம் கெஞ்சினேன். மாட்டேன் என்றார். முதல் இடம் அவருக்கு மானப் பிரச்சினை. அதற்குப் பதில் அவரே ஒரு யோசனை வைத்திருந்தார். நாலு பேர் மதிக்கிற ஆள் ஒருவர் நம் துணியைப் போட்டுக்கொண்டு நின்றால், பார்க்கிறவர்கள் எல்லாரும் ஓடி வந்து அதையே எடுப்பார்களாம். ஆத்தோரத் தோட்டத்தில் நாலு பேர் மதிக்கிற ஆள் யார்? மண்டோர்தான் என்று சுப்பையா முடிவு செய்தார். வேலையாட்களை மேய்ப்பவர், அவர் சொன்னால் நூறு பேர் கேட்கிறார்கள், வேறென்ன வேண்டும்? கடையிலேயே பளிச்சென்று இருந்த ஒரு பச்சைச் சட்டையை அவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். மண்டோரும் மகிழ்ந்து போய் அதைப் போட்டுக்கொண்டு விடிகாலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் எடுக்கிற வரிசையின் முன்னால், நின்று பேர் கூப்பிட்டார். "சுப்பையா ஸ்டோர்ல எடுத்தது" என்று தானாகவே நாலு பேரிடம் சொன்னார். அன்றைக்கே மூன்று பேருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட்டார்.

அந்த வாரம் சுப்பையா கடைக்கு ஆத்தோரத் தோட்டத்திலிருந்து மழைக்கு ஒதுங்கக்கூட ஆள் வரவில்லை. அரைப்பேர் வாங்கிய ஒருவரை லயத்தில் பார்த்து, பச்சைச் சட்டை நன்றாகத்தானே இருக்கிறது, நீங்களும் ஒன்று எடுக்கலாமே என்றேன்.

"காலையிலேர்ந்து அந்தச் சட்டைகிட்டதான் ஏச்சு வாங்குறேன். வீட்டுக்கு வந்து அதையே போட்டுகிட்டு கண்ணாடி பாக்கச் சொல்றியா?"

குழாயடி

தீபாவளிக்கு மூன்று வாரம். சுப்பையா இறங்கி வந்தார். முதல் இடம் வேண்டாம், ஆள் இருக்கிற இடம் போதும் என்றார். ஆத்தோரத் தோட்டத்தில் ஆள் இருக்கிற இடம் பொதுக் குழாயடி. நாலு மணிக்குத் தண்ணீர் வரும். பெண்கள் அத்தனை பேரும் வாளியோடு வரிசையில் நிற்பார்கள், இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். காரை அங்கே நிறுத்திக் கேசட்டைப் போட்டோம். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"கட்டம் போட்ட கைலி இருக்கா?" என்று அஞ்சலை கேட்டார். "சுப்பையா ஸ்டோர்" என்றது கேசட். "அது தெரியுது. கட்டம் போட்டது இருக்கா?" "சுப்பையா ஸ்டோர்." ஒலிபெருக்கியில் பெட்டிக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு துளைதான். கேசட் ஓடும்போது நான் ஊமை. சைகையால் இருக்கிறது என்று காட்டினேன். "என்னடி இது, ஆளும் சேர்ந்து கைய ஆட்டுது" என்றார் அஞ்சலை. சேவல் கூவியது. மூன்றாவது தடவை கேட்டார். பதில் இல்லை என்றதும் முகம் சிவந்துபோய், "பெரிய கடையாம். ஏழை கேட்டா வாயத் தொறக்காதாம்" என்று வாளியைத் தரையில் இடித்தார். வரிசை முழுவதும் தலையாட்டியது. ஒருவழியாகக் கேசட் முடிந்து, மைக்கைச் செருகி மற்ற கடைகளையும் சொல்லிப் பாக்கியம் அக்காவுக்கு வந்தேன். "ரவிக்க கையில ஜரிக வச்சுத் தருமா?" என்றார் அஞ்சலை. "வச்சுத் தருவாங்கம்மா." "தீவாளிக்கு மொத நாள் வரைக்கும் இழுத்தடிக்குமா?" "குடுத்த தேதிக்குக் கெடைச்சிரும்மா." அஞ்சலை வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னதைக் கேட்டதும், நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கப் புகார் வரி வரியாக ஞாபகத்துக்கு வந்தது.

"மனுசன மனுசனா மதிச்சுப் பதில் சொல்ற கடை அது ஒண்ணுதான்டி."

சாயம்

கேசட்தான் குற்றவாளி என்று மறுநாள் சுப்பையாவிடம் சொன்னேன். கேசட் வந்ததற்கு யார் காரணம் என்ற வரலாற்றுக்குள் போகவில்லை. அவர் நம்பவில்லை. நானே வந்து பார்க்கிறேன் என்று வெள்ளைச் சட்டையில் காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நாலு மணி, குழாயடி, கேசட் ஓடுகிறது. அஞ்சலை அன்று கைலி கேட்கவில்லை. "போன தீவாளிக்கு எடுத்த செகப்புச் சேலை சாயம் போயி, என் வீட்டுக்காரு வேட்டியெல்லாம் ரோஸாப் போச்சே, அதுக்கு என்ன பதில்?" என்றார். "தரத்துக்கு சுப்பையா ஸ்டோர்" என்றது கேசட். குழாயடியே வாய்விட்டுச் சிரித்தது. சுப்பையா கேசட்டைப் பிடுங்கிக் காலடியில் போட்டார். மைக்கை என் கையிலிருந்து வாங்கித் துளையில் செருகினார்.

"உப்புத் தண்ணில அலசுனியா?" ஒலிபெருக்கி இரண்டும் அதிர்ந்தன. அஞ்சலைக்கு மைக் தேவைப்படவில்லை. "உப்புல அலசணும்னு நீ சொன்னியா?" "கேட்டா சொல்லியிருப்பேன்!" "நேத்துலேர்ந்து கேக்குறேன், நீ எங்க வாயத் தொறந்த?" "அது கேசட்டும்மா!" "கேசட்டுக்கிட்ட நான் ஏன் சேலை வாங்கணும்?" அடுத்த டிவிஷனிலிருந்து ஆட்கள் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். டைகரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. வாளிகள் நிரம்பி வழிந்தன, யாரும் குழாயை மூடவில்லை. அரைமணி நேரம் கழித்து சுப்பையா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சாயம் போன சேலை யாரிடம் இருந்தாலும் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன், ஆனால் உன் புருஷன் வேட்டிக்கு நான் பொறுப்பில்லை என்று மைக்கில் அறிவித்தார். அஞ்சலை வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"வேட்டிய விடுங்க. அவுருக்கு ரோஸ்தான் எடுப்பா இருக்கு."

கடைசியாக

அந்தச் சனிக்கிழமை ஆத்தோரத் தோட்டத்து லோரி சுப்பையா கடை வாசலில் வந்து நின்றது. சாயம் போன சேலை கொண்டு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். சண்டையின் மிச்சத்தைப் பார்க்க வந்தவர்கள் லோரி நிறைய. அஞ்சலையின் வீட்டுக்காரர் சாட்சிக்காக ரோஸ் வேட்டியிலேயே வந்திருந்தார். சேலை மாற்ற வந்தவர்கள் பிள்ளைகளுக்கும் எடுத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சும்மா திரும்ப வெட்கப்பட்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள். எடுத்ததை எல்லாம் பாக்கியம் அக்காவிடம் தைக்கக் கொடுத்தார்கள். அக்கா கடைசியில் வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு வழியை அடைத்தார். சுப்பையா விலகவில்லை. தங்கவேலு அண்ணன் காரை விற்கவில்லை. பாக் மாட் கடலுக்குப் போகவில்லை.

ஆகவே, தங்கள் கடை எப்படிப் பின்னால் போனது என்று இன்று தலையைப் பிய்த்துக்கொள்கிற அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது, கேள்வி கேட்கிறார்கள் என்று முதன்முதலில் புகார் எழுதியவன் யார் என்று விசாரியுங்கள் என்பது மட்டுமே.

தீபாவளி கழிந்த திங்கட்கிழமை முதல் நாலு மணிக்குக் காரின் முன்சீட்டில் மைக்கோடு சுப்பையா உட்கார்ந்தார், நான் அவர் கடையில் நின்று, சேலையை முதல் தடவை உப்புத் தண்ணீரில் அலச வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.